காற்றின் எடை: கடலூரிலிருந்து பழனி மலைவரை

பழனிக் குன்றின்மேல் நின்று தெற்கு நோக்கினால், கொடைக்கானல் மலைத்தொடர் மதில்போல் எழுந்து நிற்கக் காணலாம். பழனி நகரம் கடல்மட்டத்துக்கு மேல் 300 மீட்டரைச் சற்றே கடந்த உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில். பறவை பறக்கும் வழியில் அளந்தால் இரண்டுக்கும் இடையே 25 கிலோமீட்டர்கூட இல்லை. இவ்வளவு குறுகிய தொலைவில் இவ்வளவு பெரிய உயர வேறுபாடு தமிழகத்தில் அதிக இடங்களில் வாய்ப்பதில்லை. சங்கப் பாடல்களும் இவ்விரு நிலங்களையும் தனித்தனியே அறிந்திருந்தன. அகநானூற்றின் முதற்பாட்டு பழனியைப் பொதினி என்று குறிக்கிறது. மயிலுக்குப் போர்வை தந்த பேகன் இந்த ஆவியர் குடியினன். மலைமேலிருந்த கோடைநாட்டுக்கோ கடியநெடுவேட்டுவன் என்பவன் தலைவனாயிருந்தான் எனப் புறநானூறு கூறுகிறது. பெயரிலேயே வேட்டை இருக்கிறது.

அந்த வேட்டுவனை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வியைக் கேட்போம். அடிவாரத்தில் பலமுறை சுட்டுப் பார்த்து, தொலைவிலுள்ள குறியில் சரியாகப் படும்படி திருத்தி வைத்த துப்பாக்கியை மலைமேல் கொண்டுபோய் அதே தொலைவில் சுட்டால் குண்டு எங்கே படும்? குறிக்கு மேலே படும். துப்பாக்கி அதே துப்பாக்கி, மருந்தும் அதே மருந்து, சுடுபவரின் கையும் மாறவில்லை. மாறியது காற்று.

காற்றுக்கு எடை உண்டென்பதைப் பள்ளியில் படிக்கிறோம், படித்தபின் மறந்துவிடுகிறோம். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம் கொண்ட ஓர் அறை பழனியில் இருந்தால் அதனுள் அடங்கும் காற்றின் எடை ஏறத்தாழ 32 கிலோ. அதே அளவு அறையில் கொடைக்கானலில் இருப்பது 27 கிலோ. வெறுமை என்று நாம் எண்ணும் இடத்தில் ஒரு மூட்டை அரிசிக்கும் மேற்பட்ட பாரம் நிறைந்திருக்கிறது. துப்பாக்கிக் குண்டு அந்தப் பாரத்தைத் தள்ளி விலக்கிக்கொண்டுதான் போயாக வேண்டும். இந்தத் தடையை முதன்முதலில் ஒழுங்காக அளந்து எண்ணாக எழுதி வைத்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் இறந்தது நம் கடலூரில் என்பது தமிழ் வாசகர்கள் பலருக்கும் புதிய செய்தியாக இருக்கக்கூடும். வங்கக் கடலோரத்தில் தொடங்கும் அந்தக் கதை திண்டுக்கல் சீமை வழியாகப் பழனி மலைக்கு வந்து சேர்வதை இக்கட்டுரையில் காண்போம்.

1638-இல் கலிலியோ தம் நூலில், எறியப்படும் பொருள் பரவளைவுப் பாதையில் செல்லும் என்று நிறுவினார். காற்று இடையூறு செய்யும் என்பது அவருக்குத் தெரியாமலில்லை. ஆனால் அவருக்குப் பின்வந்த பீரங்கிப்படைக் கணக்கர்கள், கனத்த இரும்புக் குண்டை மெல்லிய காற்று என்ன செய்துவிடும் என்று அதை ஒதுக்கிவிட்டார்கள். பரவளைவுக் கணக்கு அழகானது, எளிதானது. ஆகவே அதுவே அட்டவணைகளில் ஏறியது. 1687-இல் நியூட்டன், காற்றின் தடை அதன் அடர்த்திக்கு ஏற்பவும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும் என்று வகுத்தார். அதற்குப் பிறகும் அரை நூற்றாண்டுக்காலம் பீரங்கிகள் ஏட்டில் வெற்றிடத்திலேயே சுட்டுக்கொண்டிருந்தன.

ராபின்ஸ் 1707-இல் பாத் நகரில் ஓர் எளிய குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர். பெரும்பாலும் தாமே கற்றுக் கணிதரானவர். இருபது வயதில், 1727-இல், ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். போரை வெறுக்கும் சமயப்பிரிவில் பிறந்தவர் பீரங்கியியலுக்குத் தந்தையானது வரலாற்றின் குறும்புகளில் ஒன்று. 1742-இல் அவர் வெளியிட்ட ‘பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள்’ என்னும் நூல் அளவில் சிறியது, விளைவில் அப்படியல்ல.

அந்நூலின் உயிர், அவர் அமைத்த ஊசல். கனத்த மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிட்டு அதன்மேல் குண்டைச் சுட்டார். குண்டு கட்டைக்குள் புதைந்து நிற்க, கட்டை பின்னோக்கி ஆடும். எவ்வளவு ஆடியது என்பதைக் கட்டையின் அடியில் இணைத்திருந்த நாடா இழுபட்டுக் காட்டும். கட்டையின் எடையும் குண்டின் எடையும் ஆடிய அளவும் தெரிந்தால் குண்டு வந்து மோதிய வேகத்தைக் கணக்கிட்டுவிடலாம். வினாடிக்கு ஆயிரம் அடிக்கு மேல் ஓடும் பொருளின் வேகத்தை, வினாடியின் சிறுபகுதிகளைக் காட்டும் கடிகாரம் இல்லாத காலத்தில், ஒரு மரக்கட்டையும் நாடாவும் கொண்டு அளந்த அறிவை வியக்காமலிருக்க முடியவில்லை.

அளந்தபின் கிடைத்த எண்கள் அவரையே திகைக்கவைத்திருக்க வேண்டும். முக்கால் அங்குல ஈயக்குண்டு 25 அடித் தொலைவில் வினாடிக்கு 1,670 அடி வேகத்தில் மோதியது. 75 அடியில் அது 1,550 ஆகவும், 125 அடியில் 1,425 ஆகவும் குறைந்துவிட்டது. நூறு அடிக்குள் 245 அடி வேகம் காணாமற்போயிற்று. கணக்கிட்டால், புறப்பட்ட நொடியில் அக்குண்டின்மேல் காற்று செலுத்தும் தடை, குண்டின் எடையைப்போல் நூறு மடங்குக்கும் மேல். வினாடிக்கு 1,700 அடி வேகத்தில் சாய்வாகச் சுடப்பட்ட குண்டு பரவளைவுக் கணக்கின்படி 17 மைல் செல்ல வேண்டும். உண்மையில் ஒரு மைலைக்கூட அது எட்டுவதில்லை. அட்டவணைகள் சற்றே பிழைபட்டிருந்தன என்று சொல்லி ஒதுக்கும் வேறுபாடா இது?

அவர் அத்துடன் நிற்கவில்லை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது தடை திடீரென்று மிகுவதைக் கண்டார். இருபதாம் நூற்றாண்டு விமானங்கள் மோதிய சுவர் அதுவே. குழலின் முனையை இடப்பக்கம் வளைத்துச் சுட்டு, குண்டு முதலில் இடப்பக்கம் சென்று பின்பு வலப்பக்கம் திரும்புவதைத் தாள்திரைகளில் விழுந்த துளைகளால் காட்டினார். வளைந்த குழலுக்குள் உரசி உருண்டு வரும் குண்டு சுழல்கிறது; சுழலும் குண்டைக் காற்று பக்கவாட்டில் தள்ளுகிறது. சுழற்சி தாறுமாறாக இருந்தால் குறி தவறும். அதைக் குழலுக்குள் திருகுபுரி வெட்டி ஒழுங்குபடுத்தினால், குண்டு தன் பாதையையே அச்சாகக்கொண்டு சுழன்று நேரே செல்லும். இத்தகைய ரைஃபிள்களைத் தன் படைக்கு முழுமையாகத் தரும் நாடு, துப்பாக்கியை முதலில் கண்டுபிடித்தவர்கள் பெற்றதற்கு ஒப்பான மேன்மையைப் பெறும் என்று 1747-இல் ராயல் சொசைட்டியில் எடுத்துரைத்தார். அதற்கு முந்தைய ஆண்டில் அவருக்குக் காப்லி பதக்கம் கிடைத்திருந்தது.

இங்கே ஒரு பக்கச்செய்தி. ராபின்ஸ் 1739-இல் மாபெரும் கணிதர் ஆய்லரின் நூலைக் கடுமையாகத் தாக்கி எழுதியவர். அந்த ஆய்லரோ 1745-இல் ராபின்ஸின் நூலை ஜெர்மனில் மொழிபெயர்த்து, மூலத்தைவிடப் பெரிதாக உரைக்குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார். எழுத்துலகில் இத்தகைய பெருந்தன்மையை நாம் அடிக்கடி காண்பதில்லை. அந்த உரையோடு கூடிய நூல் பிறகு பிரெஞ்சு மொழிக்குப் போனது. அதை மொழிபெயர்த்த லொம்பார் ஆசிரியராயிருந்த ஓசோன் பீரங்கிப் பள்ளியில்தான் இளம் நெப்போலியன் பயின்றான்.

இனிக் கடலூருக்கு வருவோம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690-இல் ஆங்கிலக் கும்பெனி மராத்தியரிடமிருந்து விலைக்கு வாங்கிற்று; செஞ்சியில் அப்போது இருந்தவர் சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டையோடு சுற்றியுள்ள நிலமும் விற்பனையில் அடங்கும். எல்லை எது? கோட்டையிலிருந்து பெரிய பீரங்கியால் சுட்டால் குண்டு எட்டும் தொலைவுவரை! கும்பெனியார் சென்னையிலிருந்து நல்லதொரு பித்தளைப் பீரங்கியை வரவழைத்து நாற்றிசையும் சுட்டார்கள். குண்டு விழுந்த இடம்வரை இருந்த ஊர்களெல்லாம் கும்பெனிக்குச் சொந்தமாயின. கடலூரில் குண்டு சாலை என்றும் குண்டு உப்பலவாடி என்றும் இன்றுவரை வழங்கும் பெயர்களில் அந்த வெடியோசை மிச்சமிருக்கிறது.

இந்த நிகழ்ச்சியை வரலாற்று நூல்கள் வெள்ளையரின் தந்திரத்துக்குச் சான்றாகச் சொல்லிவிட்டுப் போய்விடும். நாம் சற்று நின்று பார்க்கலாம். அந்த எல்லையை வரைந்ததில் பீரங்கிக்கு இருந்த பங்கு காற்றுக்கும் உண்டு. காற்றே இல்லாத நிலத்தில் அந்தக் குண்டு பத்து மைல்களுக்கும் அப்பால் போய் விழுந்திருக்கும். கும்பெனியின் சொத்தும் பலமடங்கு பெருகியிருக்கும். நேர்மாறாக, கடலூரின் வெப்பக் காற்று லண்டன் மாநகரின் குளிர்காலக் காற்றைவிட ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இலேசானது. அதே பீரங்கியை அங்கே சுட்டிருந்தால் எல்லை உள்ளே சுருங்கியிருக்கும். விற்றவரும் வாங்கியவரும் அறியாமல், காற்றின் அடர்த்தி அந்தக் கிரயத்தில் மூன்றாவது தரப்பாகக் கையெழுத்திட்டிருக்கிறது.

அறுபது ஆண்டுகள் கழித்து, 1750-இல், அதே கோட்டைக்கு ராபின்ஸ் வந்து சேர்ந்தார். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டதிலிருந்து சோழமண்டலக் கரையில் கும்பெனியின் தலைமையிடம் தேவனாம்பட்டினமாகவே இருந்தது. சென்னை உடன்படிக்கைப்படி 1749-இல் திரும்பக் கிடைத்தபின், தம் கோட்டைகள் எவ்வளவு நொய்ந்தவை என்பதை அறிந்திருந்த கும்பெனியார், ராபின்ஸைத் தலைமைப் பொறியாளராக அமர்த்தி அனுப்பினார்கள். வானியல் கருவிகளையும் அவர் உடன் கொண்டுவந்தார். சென்னைக்கும் தேவனாம்பட்டினத்துக்கும் அரண்திட்டங்கள் வரைந்தார். நம்மூர்க் காய்ச்சல் அவரை விடவில்லை. 1751 ஜூலை 29-இல், 44 வயதில் இறந்தார். கும்பெனிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தபோது, கையில் பேனாவுடனேயே உயிர் பிரிந்தது என்பர். அடுத்த மாதம் கிளைவ் ஆர்க்காட்டை நோக்கிப் புறப்பட்டான். ராபின்ஸ் வலுப்படுத்த வந்த கோட்டை 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் வீழ்ந்து தரைமட்டமாக்கப்பட்டது.

காற்றை அளந்தவர் நம் மண்ணில் இருந்தார். அடுத்த ஐம்பது ஆண்டுகளில் நம் பாளையங்கள் அனைத்தும் கும்பெனிக்கு வீழ்ந்தன. இவ்விரண்டையும் ஒரே கோட்டில் இணைத்து, ஐரோப்பிய அறிவியலே நம்மை வென்றது என்று முடிவுகட்டுவது எளிது. மேடைகளில் அப்படிப் பேசக் கேட்டிருக்கிறோம். திண்டுக்கல் சீமையின் வரலாறு அந்த முடிவுக்கு இடம்தரவில்லை.

ராபின்ஸ் இறந்த நான்காம் ஆண்டில், 1755-இல், மைசூரின் பௌஜ்தாராகத் திண்டுக்கல்லுக்கு வந்தார் ஹைதர் அலி. பழனி, விருப்பாச்சி முதலிய பாளையங்களை அடக்குவது அவருக்கு இடப்பட்ட பணி. அங்கே பிரெஞ்சுக்காரர்களின் உதவியோடு ஓர் ஆயுதச்சாலையை அமைத்தார். ஐரோப்பியத் தொழில்நுட்பம் கும்பெனியின் தனிச்சொத்தாக இல்லை என்பதற்கு அந்த ஆயுதச்சாலையே சாட்சி. திண்டுக்கல் மலைக்கோட்டையை ஆங்கிலேயர் 1783-இல் பிடித்து, உடன்படிக்கைப்படி திருப்பித் தந்து, 1790 ஆகஸ்டில் கர்னல் ஸ்டூவர்ட் தலைமையில் மீண்டும் பிடித்தனர். 1792-இல் பழனி உட்பட அந்தச் சீமை கும்பெனிக்கு வந்தது.

இந்தப் போர்களில் ஆங்கிலச் சிப்பாயின் கையிலிருந்தது புரியில்லாத வழவழத்த குழல்கொண்ட மஸ்கட். நூறு கஜத்துக்கு அப்பால் அதை நம்ப முடியாது. பின்புறக் குறிபார்ப்பான் அதில் கிடையாது. சிப்பாய்க்குத் தரப்பட்ட கட்டளை துப்பாக்கியை நீட்டு என்பதே. குறிபார் என்பது இல்லை. வரிசையாக நின்று, ஒரே சமயத்தில் வெடித்து, மருந்து கெட்டித்து மீண்டும் வெடிக்கும் கட்டுப்பாட்டில்தான் அவர்கள் பலம் இருந்தது. ராபின்ஸின் கணக்கு அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை. துப்பாக்கி அவ்வளவு நுட்பமானதாக ஆகும்வரை அந்தக் கணக்கு புத்தகத்தில் காத்திருந்தது. பாளையக்காரர்களை வீழ்த்தியவை பணமும் கட்டுப்பாடும் உட்பகையும். காற்றின் கணிதத்துக்கு அதில் பங்கில்லை.

மாறாக, காற்றைக் கையால் அறிந்த ஓர் ஆயுதம் நம்மவரிடம் இருந்தது. வளரியைச் சொல்கிறோம். பிறைபோல் வளைந்து, ஒரு முனை கனத்து, சுழன்று பறக்கும் எறிகோல் அது. சிவகங்கைச் சின்ன மருது தமக்கு ஈட்டியும் வளரியும் எறியக் கற்றுக்கொடுத்ததை ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படையதிகாரி 1830-இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1795-இல் அவர் இளம் அதிகாரி. மருது சகோதரர்கள் நண்பர்கள். நூறு கஜத்துக்குள் வளரி தவறாது படும் என்பது அவர் சாட்சியம். அதாவது அன்றைய மஸ்கட்டுக்கு நம்பத்தக்க எல்லை எதுவோ, ஏறத்தாழ அதுவே வளரிக்கும் எல்லை! சுழற்சியால் பாதை வளையும் என்று ராபின்ஸ் தாள்திரைகளில் கண்டதை, வளரி வீரன் மணிக்கட்டின் திருப்பத்தில் அறிந்திருந்தான். எதிர்க்காற்றுக்கு எவ்வளவு, பக்கக்காற்றுக்கு எவ்வளவு என்ற கணக்கும் அவன் கையில் இருந்திருக்க வேண்டும். அதை எழுதிவைத்தவர் இல்லை.

அந்தக் கணக்கு அழிந்த ஆண்டையும் சொல்லிவிடலாம். வேலு நாச்சியாருக்கு அடைக்கலம் தந்த விருப்பாச்சி, பழனியிலிருந்து ஒரு நாள் நடைத்தொலைவு. அதன் பாளையக்காரர் கோபால் நாயக்கர் மருதுவோடு சேர்ந்து கூட்டமைப்பைக் கட்டியவர். 1801-இல் கோபால் நாயக்கரும் தூக்கிலிடப்பட்டார், மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரில் சென்னை ஆளுநர் வெளியிட்ட பிரகடனம் தென்சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. தடைக்குப் பிறகு வளரி வேட்டைக்காரர் சிலர் கையிலும் சடங்குகளிலும் ஒதுங்கிற்று. ராபின்ஸின் எண்கள் ஐரோப்பிய மொழிகளில் பெருகிக்கொண்டிருந்த அதே காலத்தில் நிகழ்ந்தது இது.

குண்டின் பாதைக்கு ஒரு கணக்கு உண்டென்றால், குறிபார்க்கும் கண்ணின் பாதைக்கும் ஒரு கணக்கு உண்டு. தொலைநோக்கி வழியே ஒரு பொருளைப் பார்க்கும்போது அது இருக்கும் இடத்திலேயே தெரிகிறது என்று நம்புகிறோம். காற்றின் அடர்த்தி மேலே செல்லச் செல்லக் குறைவதால், ஒளி மெல்ல வளைந்தே கண்ணை அடைகிறது. இந்த வளைவோடு பல்லாண்டு போராடியவர் வில்லியம் லாம்டன். 1799 சீரங்கப்பட்டினப் போரில் படையதிகாரியாக இருந்தவர். 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே ஏழரை மைல் அடிக்கோடு அளந்து முக்கோண நிலவளவையைத் தொடங்கினார். அவருடைய பெரும் தியோடலைட் அரை டன் எடை. 1808-இல் அதைத் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தில் ஏற்றும்போது கயிறு நழுவி மோதிச் சிதைந்ததும், அவர் வாரக்கணக்கில் கதவடைத்திருந்து அதைத் தம் கையால் செப்பனிட்டதும் பலரும் அறிந்த கதை.

பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர் நாடு வழியாகக் குமரிமுனைவரை 1809-க்குள் அவர் இழுத்த நெடுவளைவு, பழனியின் தீர்க்கரேகைக்கு மிக அருகே செல்கிறது. 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு மலைமுகட்டைப் பார்ப்பதாகக் கொள்வோம். பூமியின் வளைவால் அது 200 மீட்டரளவு தாழ்ந்திருக்கும். காற்றோ ஒளியை வளைத்து அதை 28 மீட்டரளவு உயர்த்திக் காட்டும். இந்த உயர்த்தல் நிலையானதாக இருந்தால் கழித்துவிட்டுப் போகலாம். காலையில் ஒன்று, உச்சிவேளையில் ஒன்று, இரவில் ஒன்று. ஆகவே அளவையாளர்கள் ஒரே முகட்டை வெவ்வேறு வேளைகளில் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். லாம்டனுக்குப் பின்வந்த எவரெஸ்ட் இரவில் விளக்கேற்றி அளக்கும் முறையைக் கைக்கொண்டார். பழனி மலைகளை 1821-இல் வார்டு என்ற அதிகாரி ஏறி அளந்தார். அவர் வெள்ளகவி வழியே மேலே சென்றபோது கொடைக்கானல் என்ற நகரமே இல்லை.

ராபின்ஸின் எண்களுக்கு வேலை வந்தது 1853-இல்தான் என்று சொல்ல வேண்டும். அவ்வாண்டு ஆங்கிலப் படை ஏற்ற என்ஃபீல்டு ரைஃபிளின் குறிபார்ப்பான் 900 கஜம்வரை அளவு குறிக்கப்பட்டிருந்தது. அதன் தோட்டா இந்தியாவில் 1857-இல் என்ன செய்தது என்பதை யாவரும் அறிவோம்; குறிபார்ப்பானைப் பற்றிப் பேசுவோர் இல்லை. நூறு கஜத்தில் நின்றிருந்த போர், ஒரே தலைமுறையில் அரைமைலுக்கு நீண்டது. அந்தத் தொலைவில்தான் காற்று தன் வரியை முழுமையாக வசூலிக்கிறது.

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு எண்ணோடு விடைசொல்லலாம். வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் புறப்படும் இக்கால 7.62 மில்லிமீட்டர் குண்டு ஒரு கிலோமீட்டரைக் கடக்க, காற்றே இல்லையென்றால் ஒன்றேகால் வினாடி ஆகும். அதற்குள் அது ஏழரை மீட்டருக்குச் சற்று மேல் தாழும். காற்றுள்ளபோது ஒன்றேமுக்கால் வினாடியளவு ஆகிறது. தாழ்வு 12 மீட்டரளவு. பழனியின் நண்பகலில் ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.1 கிலோவை ஒட்டியிருக்கும்; கொடைக்கானலில் 0.94. ஏழில் ஒரு பங்கு தடை குறைகிறது. ஆகவே அடிவாரத்தில் திருத்திவைத்த துப்பாக்கி மேலே போனால் தோராயமாக ஒரு மீட்டர் உயரே சுடும். நூறு மீட்டரில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. தொலைவு கூடக்கூடத்தான் அது பெருகும்.

மலையேறாமலே காற்று மெலிவதும் உண்டு. மார்கழி விடியலில் பழனியில் வெப்பம் 20 பாகை என்றால், சித்திரை முடிவின் பிற்பகலில் 37. மூன்று பாகை ஏறினால் காற்று நூற்றில் ஒரு பங்கு இலேசாகும் என்பது தோராயக் கணக்கு. ஆக மார்கழி விடியலுக்கும் சித்திரைப் பிற்பகலுக்கும் இடையே, பழனியில் நின்ற இடத்திலேயே சில நூறு மீட்டர் மலையேறியதற்கு ஒப்பான மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. வெப்பத்தில் வெடிமருந்தும் சற்று வேகமாக எரிவதால் அதுவும் சேர்ந்துகொள்ளும். காற்றழுத்தமானியைக்கொண்டு வானிலையைக் கணிக்கும் ஐரோப்பியப் பழக்கம் இங்கே அவ்வளவு உதவாது. அங்கே புயல் வந்தால் அழுத்தம் பெரிதும் சரியும். நம் பகுதியிலோ புயற்காலம் நீங்கலாக, நாள்தோறும் முற்பகலும் முன்னிரவும் பத்துமணி சுமாருக்கு அழுத்தம் உச்சத்தைத் தொட்டு, இடையில் மூன்று நான்கு மில்லிபார் இறங்கி ஏறுவதோடு சரி. பழனியில் சுடுபவர் பார்க்கவேண்டியது வெப்பமானியையே.

ஈரம் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக உண்டு. மழைக்காலக் காற்று கனமானது என்று நாம் சொல்கிறோம்; மூச்சுமுட்டுவதால் அப்படித் தோன்றுகிறது. உண்மையில் நீராவி, அது இடம்பிடித்துக்கொள்ளும் உலர்காற்றைவிட இலேசானது. ஈரக்காற்று சற்றே மெலிந்த காற்று. ஆனாலும் அதன் விளைவு நூற்றில் ஒன்று, இரண்டு பங்குதான்.

அடர்த்தியைவிடக் குறியைக் கெடுப்பது வீசும் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆடியில் பாய்ந்துவரும் மேல்காற்று உடுமலை, பழனிச் சமவெளியை உலுக்கிவிடும்; உடுமலைப்பேட்டைப் பக்கத்தில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது அதனால்தான். மணிக்கு பத்து கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் வீசும் மெல்லிய காற்றே ஒரு கிலோமீட்டரில் குண்டை ஒரு மீட்டருக்கு மேல் ஒதுக்கிவிடும். இதிலும் அடர்த்தி ஒளிந்திருக்கிறது. குண்டு எவ்வளவு நேரம் பறந்தது என்பது ஒதுக்கத்தை முடிவுசெய்வதில்லை. வெற்றிடத்தில் ஆகும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாயிற்று என்பதே முடிவுசெய்கிறது. மேலே சொன்ன அந்த அரை வினாடித் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் ஒதுக்கம் கிடைத்துவிடும். ஆகவே அதே வேகத்தில் வீசும் காற்று, மெலிந்த காற்றுள்ள கொடைக்கானலில் குறைவாகவே ஒதுக்கும்.

கடைசியாகக் கானல். வெயிலில் காய்ந்த தரிசுநிலத்துக்கு மேலே, தரையை ஒட்டிய காற்று மிகச் சூடாகி மெலிந்துவிடும். ஸ்கோப்பின் வழியே பார்ப்பவருக்குக் குறி நீரில் நனைந்ததுபோல் நெளியும். ஒரு கிலோமீட்டரில் ஒரு சாண் அளவுக்குக்கூட இடம் மாறித் தோன்றலாம். தேர்ந்தவர்கள் இந்த நெளிவைப் பகையாக எண்ணுவதில்லை. அது எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பார்த்துப் பக்கக்காற்றின் திசையை அறிந்துகொள்கிறார்கள். வெப்பத்தையும் அழுத்தத்தையும் காற்றின் வேகத்தையும் அளந்து திருத்தத்தை எண்ணாகத் தரும் கையடக்கக் கருவிகள் போட்டிகளில் சுடுவோரிடமும் படைகளிடமும் இன்று உண்டு. அவற்றுக்குள் ஓடும் கணக்கின் வேர் ராபின்ஸின் மரக்கட்டையில் இருக்கிறது.

கானலுக்கு அஞ்சி மலையேறியவர்கள் வேறு வகையினரும் உண்டு. சென்னை வானாய்வகத்தின் மிச்சி ஸ்மித் சூரியனை ஆராய நல்ல இடம் தேடி, மேகமும் தூசும் குறைந்த மெலிந்த காற்றுக்காகக் கொடைக்கானலைத் தேர்ந்தார். 1899-இல் வானாய்வகம் அங்கே மாற்றப்பட்டது. 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் அங்கிருந்தே கண்டறிந்தார். 2,343 மீட்டர் உயரத்திலிருந்தும், காற்றின் குறும்பு அவர்களையும் முற்றாக விடவில்லை. தரை சூடேறித் தொலைநோக்கியில் சூரியனின் விளிம்பு நெளியத் தொடங்குவதற்கு முன், காலையின் முதல் சில மணிநேரத்துக்குள் படங்களை எடுத்துவிட வேண்டும்.